அந்தப் பேயோட மாஸ்க் கழலுமா?

"கார்ட்டூன் தானே, போட்டு விடு"னு சொல்றவங்க ஒரு பக்கம். "பேய் வருதா? அப்ப வேணவே வேணாம்"னு சொல்றவங்க இன்னொரு பக்கம்.

ரெண்டு தரப்பும் அந்தக் கார்ட்டூனைப் பாத்ததே இல்ல. எனக்குக் கோவம் வர்றது அங்கதான்.

பௌர்ணமின்னா எங்க ஊர் திருவண்ணாமலையில எந்த வீடும் சும்மா இருக்காது. சாயங்காலத்துலேர்ந்தே சொந்தக்காரங்க வந்து எறங்குவாங்க. பையை ஓரமா வச்சிட்டு, காபி குடிச்சிட்டு, செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு கிரிவலம் கெளம்பிடுவாங்க. மலையைச் சுத்தி 14 கிலோமீட்டர். எட்டு லிங்கத்தையும் கும்பிட்டு, அந்தக் கூட்டத்துல நடந்து திரும்ப, நடுராத்திரி தாண்டிடும். குட்டிப் பசங்களை அவ்ளோ ஜனத்துக்கு நடுவுல இழுத்துட்டுப் போக முடியாதுன்னு எங்கிட்ட விட்டுட்டுப் போவாங்க. நான் சந்தோஷமா வச்சுப்பேன். (நெஜமாவே. பசங்களோட உக்காந்து கார்ட்டூன் பாக்குறது எனக்கு அவ்ளோ பிடிக்கும்.)

இந்தத் தடவை இருந்தது மூணு பேரு. எம் பொண்ணு, 6 வயசு. அக்கா பொண்ணு, 9 வயசு. தம்பி பையன், 4 வயசு.

பெரியவ கேட்டது ஸ்கூபி டூ. அதுவும் பழசு, முதல் சீசன்.

தம்பி வாசப்படியில நின்னுக்கிட்டே, "கார்ட்டூன் தானேக்கா, போட்டு விடுங்க"ன்னான். எங்கம்மா, அதாவது பசங்களுக்கு ஆயா, உள்ளேர்ந்து, "வெளக்கு வச்ச நேரத்துல பேய்ப் படமா? புள்ள ராத்திரி அலறப் போவுது பாரு"ன்னாங்க.

நான் ரெண்டு பேருக்கும் பதில் சொல்லல. அந்தப் பழைய ஸ்கூபி டூவை நான் ஏற்கனவே முழுசாப் பாத்து வச்சிருந்தேன்.

ஒரு விஷயம் தெரியுமா? "இது கொழந்தைங்களுக்கு ரொம்பப் பயமா இருக்குமோ"ங்கற கேள்வியிலதான் ஸ்கூபி டூவே பொறந்துது. 1960கள் கடைசியில அமெரிக்காவுல சனிக்கிழமை காலை கார்ட்டூன்கள்ல ஒரே அடிதடி. பெத்தவங்க சண்டைக்குப் போனாங்க. 1968ல 'ஆக்‌ஷன் ஃபார் சில்ட்ரன்ஸ் டெலிவிஷன்'னு ஒரு அமைப்பையே ஆரம்பிச்சாங்க. அப்ப சிபிஎஸ் சேனல்ல கொழந்தைங்க நிகழ்ச்சிகளைப் பாத்துக்கிட்ட ஃப்ரெட் சில்வர்மேன், அடிதடி இல்லாம விறுவிறுப்பா ஒண்ணு வேணும்னு ஹன்னா-பார்பெரா கம்பெனியைக் கேட்டாரு. ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ்னு ரெண்டு பேரு எழுதினாங்க. நாலு பசங்க, ஒரு நாய், பேய் மர்மம். கொண்டு போய்க் காட்டினா, சேனல் பெரியவங்க "கொழந்தைங்களுக்கு இது ரொம்பப் பயம், வேணாம்"னுட்டாங்க!

அப்புறம் என்ன பண்ணாங்கன்றதுதான் அழகு. பேயைத் தூக்கல. நாயை முன்னாடி கொண்டு வந்தாங்க. பயந்தாங்கொள்ளியா, சாப்பாட்டு ராமனா, பேயைப் பாத்தா நம்மளை விட முன்னாடி ஓடுற ஒரு நாய். சிரிப்புச் சத்தத்தையும் பின்னாடி சேத்தாங்க. 1969 செப்டம்பர் 13 அன்னிக்கு முதல் எபிசோடு வந்துது.

இந்தக் கதையைப் படிக்கும்போதே எனக்கு நம்ம கட்டியக்காரன் ஞாபகம் வந்துட்டான்.

எங்க மாவட்டத்துல, சுத்துப்பட்டு கிராமங்கள்ல, திரௌபதி அம்மன் கோயில் பாரதம் போடறப்ப ராத்திரி முழுக்கக் கூத்து நடக்கும் இல்லையா. ரெண்டு பேரு திரை புடிப்பாங்க. உள்ளேர்ந்து வேஷக்காரர் பாடுற குரல் மட்டும் வரும். திரைக்குக் கீழ சலங்கை கட்டின காலு மட்டும் தெரியும். கொழந்தைங்க எல்லாம் மூச்சைப் புடிச்சுக்கிட்டு இருக்கும். திரை எறங்கினா, செவப்பு மூஞ்சி, பெரிய கிரீடம், தோள்ல கட்டை. தூக்கிவாரிப் போடும்! அந்த நேரத்துல அவர் பக்கத்துலயே நின்னு, அவரையே கேலி பண்ணிக்கிட்டு, ஜனங்க சார்பா கேள்வி கேட்டுக்கிட்டு ஒருத்தன் இருப்பான் பாருங்க, அவன்தான் கட்டியக்காரன். கொழந்தைக்கு அவன்தான் துணை. துரியோதனன் எவ்ளோ உறுமினாலும், பக்கத்துல ஒருத்தன் சிரிச்சுக்கிட்டு நிக்கறான்னா ஒண்ணும் ஆகாதுன்னு அதுக்குப் புரிஞ்சுடும்.

அதனால ஒரு கார்ட்டூனைப் பாக்குறப்ப நான் முதல்ல தேடுறது பேயை இல்ல. கட்டியக்காரனைத்தான். பயம் வர்ற எடத்துல சிரிக்கறதுக்கு ஆள் இருக்கா? இருந்தா பாதி வேலை முடிஞ்சுது.

சரி, அன்னிக்கு ராத்திரிக்கு வர்றேன்.

முதல் எபிசோடு. ராத்திரி ரோட்டுல ஒரு வண்டி போகுது. பின்னாடி பெட்டியில ஒரு கருப்பு இரும்புக் கவசம், பழைய காலத்துப் போர்வீரன் போட்டுக்கறது. அது தானா எழுந்திரிக்குது. பெரியவ ஜாலியாப் பாத்தா. எம் பொண்ணு என் முந்தானையைப் புடிச்சுக்கிட்டா, ஆனா கண்ணை எடுக்கல. சின்னவன் காதைப் பொத்திக்கிட்டான்.

காதை! கண்ணை இல்ல.

இதைக் கவனிக்காம விட்டுடாதீங்க. சின்னப் புள்ளைங்களுக்குப் பயம் பாதி காது வழியாத்தான் போகுது. நான் ரிமோட்டை எடுத்து சவுண்டைக் கொறைச்சேன். கையை எடுத்துட்டான். உக்காந்து பாத்தான். நானும் பக்கத்துலேர்ந்து தமிழ்ல கதை சொல்லிக்கிட்டே வந்தேன். மியூசியம், காணாமப் போன ஆளு, மாத்தி வச்ச ஓவியம்னு மர்மம் போச்சு. கடைசியில கவசத்தைக் கழட்டினா, உள்ள இருந்தது மியூசியத்தைப் பாத்துக்கற மனுஷன். போலி ஓவியத்தை வச்சிட்டு நிஜத்தைத் திருடி விக்கறவன்.

பெரியவ கைதட்டினா. "நான் அப்பவே சொன்னேன்ல சித்தி!"

எம் பொண்ணு சிரிச்சா. "பேயே இல்லம்மா, மாமா வேஷம்!"

சின்னவன் சிரிக்கல. என்னைப் பாத்துக் கேட்டான்:

"அந்த மாமாவைப் புடிச்சிட்டாங்க. சரி. பேய் எங்க போச்சு அத்தை?"

எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. என்ன அருமையான கேள்வி! நாம "கடைசியில பேயே இல்லைனு காட்டிடுவாங்க, பயப்பட ஒண்ணும் இல்ல"னு சமாதானம் சொல்லிக்கறோம் பாருங்க, அந்தச் சமாதானத்தையே 4 வயசுப் புள்ள ஒரே கேள்வியில ஒடச்சிட்டான். அவன் கணக்குல கவசத்துக்குள்ள மாமா இல்ல. மாமா வந்தாரு, பேய் போச்சு. போன பேய் திரும்ப வரலாம். நம்ம வீட்டுக்கே வரலாம்.

இது இவன் ஒருத்தன் மட்டும் யோசிக்கற விதம் இல்ல. ஸ்கூபி டூ வந்த அதே 1969லதான், ரீட்டா டி வ்ரீஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஒரு வேலை பண்ணினதை வெளியிட்டாங்க. அவங்ககிட்ட மேனார்டுன்னு ரொம்பச் சாதுவான ஒரு பூனை. 3 வயசுலேர்ந்து 6 வயசு வரைக்கும் உள்ள பசங்களை அதோட வெளையாட விட்டாங்க. அப்புறம் பூனையோட வால் பக்கத்தை மட்டும் பசங்க பாத்துக்கிட்டே இருக்கற மாதிரி வச்சு, தலைக்கு நாய் மாஸ்க் மாட்டித் திருப்பிக் காட்டினாங்க. "இது இப்ப என்ன?"ன்னு கேட்டா, 3 வயசுப் பசங்கள்ல நெறைய பேரு "நாய்"ன்னே நம்பினாங்க. அது நாய் மாதிரியே நடந்துக்கும்னும் நெனச்சாங்க. 6 வயசுப் பசங்களுக்கு, மாஸ்க் மாட்டினாலும் அது பூனைதான்னு புரிஞ்சிடுச்சு.

அந்த வயசு வித்தியாசம்தான் எங்க வீட்டு சோஃபாவுல அன்னிக்கு உக்காந்திருந்துது.

அதனாலதான் "எந்த வயசுலேர்ந்து காட்டலாம்"னு யாராவது கேட்டா, நான் இந்த எடத்தைத்தான் சொல்றேன். மாஸ்க் கழண்டா உள்ள இருக்கறது யாருன்னு அந்தப் புள்ளைக்குப் புரியுதா? புரிஞ்சா மர்மக் கதை அதுக்கு அமுதம். பயம் எழும்பி, துப்பு தேடி, கடைசியில பயமே போலின்னு தெரியறப்ப வர்ற சந்தோஷம் இருக்கே, அதைப் புள்ளைங்களுக்குத் தராம விடக்கூடாது. பேய்ங்கற பேரைக் கேட்டதும் எல்லாத்தையும் மூடி வைக்கறவங்க மேல எனக்கு அதான் வருத்தம். ஆனா மாஸ்க் புரியாத வயசுல அது மர்மக் கதையே இல்ல. வெறும் பேய் மட்டும்தான்.

இந்த மாதிரி பயத்தைப் பத்தி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்த ஜோஆன் கேன்டர் நெறைய ஆராய்ஞ்சிருக்காங்க. 'இன்க்ரெடிபிள் ஹல்க்' சீரியல்ல சின்னப் புள்ளைங்களை ரொம்பப் பயமுறுத்தினது, நல்ல மனுஷன் பச்சை ராட்சசனா மாறுற அந்த நிமிஷம்னு கண்டுபுடிச்சாங்க. ஹல்க் நல்லவன்தான், எல்லாரையும் காப்பாத்துவான். பெரிய பசங்களுக்கு அது தெரியும். சின்னதுங்களுக்குத் தெரிஞ்ச மூஞ்சி போய்த் தெரியாத மூஞ்சி வந்துடுச்சு, அவ்ளோதான். (1980ல மிஸ்டர் ராஜர்ஸ்னு ஒருத்தர் தன்னோட கொழந்தைங்க நிகழ்ச்சியில அந்த ஹல்க் ஷூட்டிங்குக்கே போய், நடிகருக்கு எப்படிப் பச்சைச் சாயம் பூசறாங்கன்னு பசங்களுக்குக் காட்டினாரு. பெரிய மனுஷன்.)

கேன்டர் இன்னொண்ணும் சொல்றாங்க. பயந்த சின்னப் புள்ளைகிட்ட "அது நெஜம் இல்லடா"ன்னு விளக்கம் சொல்றது பெருசா உதவாது. மடியில தூக்கி வச்சுக்கறது, குடிக்க ஏதாவது குடுக்கறது, பிடிச்ச பொம்மையைக் கையில குடுக்கறது, இதெல்லாம்தான் உதவும். விளக்கம் சொன்னா வேலை செய்யறது பெரிய பசங்களுக்குத்தான்.

அன்னிக்கு ஆயா என்ன பண்ணாங்க தெரியுமா? சின்னவனை இழுத்து மடியில போட்டுக்கிட்டாங்க. நெத்தியில திருநீறு பூசி, தலைமேல கையை வச்சு, "அண்ணாமலையாரு இருக்காரு, ஒண்ணும் வராது"ன்னாங்க. ஒரு டம்ளர் பால் குடுத்தாங்க. பத்து வார்த்தை விளக்கம் இல்ல. புள்ள அஞ்சு நிமிஷத்துல தூங்கிட்டான். விஸ்கான்சின்ல ஆராய்ச்சி பண்ணிச் சொன்னதை எங்க ஆயா மடியிலயே முடிச்சிட்டாங்க. பேய்ப் படம் வேணாம்னு சொன்னவங்களும் அவங்கதான், பயத்தை எறக்கி வச்சவங்களும் அவங்கதான்.

இப்ப அடுத்த தரப்புக்கு வர்றேன். பக்கத்து வீட்டு அண்ணி மறுநாள் இதைக் கேட்டுட்டு, "நம்ம பக்கத்துப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் ஒரு பயமா? மேல்மலையனூரு மயானக் கொள்ளைக்கே இடுப்புல வச்சுத் தூக்கிட்டுப் போறோம்"ன்னாங்க.

நியாயமான பேச்சுதான். யோசிச்சேன். அந்தத் திருவிழாவுல காளி வேஷம் கட்டி, நாக்கைத் துருத்திக்கிட்டு, மேளத்தோட ஆடி வர்றவங்களை எங்க பசங்க பாக்குது. கோயிலுக்குப் போனா கோரைப் பல்லோட துவாரபாலகர், தூணுக்குத் தூண் வாயைப் பொளந்துக்கிட்டு யாளி. இதையெல்லாம் பாத்து அழாத புள்ளை கார்ட்டூனுக்கா அழும்?

அழும். ஏன்னா அங்க அது அப்பா இடுப்புல இருக்கு. பகல் வெளிச்சம், சுத்தி நூறு பேரு, எல்லாரும் கும்புடறாங்க. புள்ளை முதல்ல பாக்குறது காளியை இல்ல, அப்பா மொகத்தை. அப்பா சாதாரணமா இருந்தா அதுவும் சாதாரணமா இருக்கும். இங்க ஒரு ரூம்ல லைட்டை அணைச்சிட்டு, கையில போனைக் குடுத்துட்டு, நாம அடுப்பங்கரைக்குப் போயிடறோம். மொகத்தைத் தேடினா மொகம் இல்ல. பேய் சின்னதா இருந்தாலும், பக்கத்துல யாரும் இல்லாத பயம் பெருசு.

இதைத்தான் படத்துக்குப் போடற எந்த வயசு முத்திரையும் நமக்குச் சொல்லாது. முத்திரையை நான் கொறை சொல்லல. முன்னாடி யு/ஏன்னா 12 வயசுக்குக் கீழ எல்லாருக்கும் ஒரே கணக்குதான், 4 வயசும் 11 வயசும் ஒண்ணு. ஓடிடிக்கு 2021 விதிகள்லயும், சினிமாவுக்கு 2023 சட்டத் திருத்தத்துலயும் 7+, 13+, 16+னு பிரிச்சாங்க. நல்ல காரியம், நான் அதைப் பாக்காம எதையும் போடறதில்ல. 2016ல 'ஜங்கிள் புக்' படத்துக்கு யு/ஏ குடுத்தப்ப ஊரே சிரிச்சுது. 3டியில மிருகங்க பாயறது கொழந்தைங்களைப் பயமுறுத்தும்னு அப்ப தணிக்கை வாரியத் தலைவரா இருந்த பஹ்லாஜ் நிஹலானி சொன்னாரு. நான் சிரிக்க மாட்டேன். தியேட்டர் இருட்டுல, அந்த சவுண்டுல, ஷேர்கான் மூஞ்சிக்கு நேரா பாஞ்சா 4 வயசு கதறும். அதே ஷேர்கான் மத்தியானம் வீட்டு டிவியில, தட்டுல முறுக்கு வச்சுக்கிட்டு, பக்கத்துல தாத்தா உக்காந்திருக்கறப்ப வந்தா வெறும் புலிதான். படம் ஒண்ணுதான். முத்திரை படத்தைத்தான் பாக்கும், எங்க வீட்டு ரூமை அது பாக்காது. அந்த வேலை நம்மளுது.

பேரைப் பாத்தும் ஏமாறக் கூடாது. ஸ்கூபி டூன்னு பேர் இருந்தா எல்லாம் ஒண்ணு இல்ல. 1998ல 'ஸ்கூபி டூ ஆன் ஸோம்பி ஐலண்ட்'னு ஒரு படம் வந்துது. அதே நாய், அதே பசங்க. ஆனா இதுல பேய்ங்க நெஜம். ஒரு எடத்துல அந்த நாலு பசங்கள்ல ஒருத்தனான ஃப்ரெட், வழக்கம் போல மாஸ்க்தான்னு நெனச்சு ஒரு ஸோம்பியோட தலையைப் புடிச்சு இழுப்பான். மாஸ்க் வராது. தலையே கையோட வந்துடும்! எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். பெரிய பசங்களுக்கு அந்த அதிர்ச்சி அருமையா இருக்கும், ஏன்னா அத்தனை வருஷமா கழண்ட மாஸ்க் இங்க கழலலை. ஆனா இப்பதான் மாஸ்க்னா என்னன்னு புரிஞ்சுக்கற 6 வயசுக்கு, கத்துக்கிட்டதையே புடுங்கிப் போட்ட மாதிரி ஆயிடும். எம் பொண்ணுக்கு இன்னும் சில வருஷம் போகட்டும்னு வச்சிருக்கேன்.

எப்படித்தான் முடிவு பண்றதுன்னா, நான் பழகிக்கிட்ட வழியைச் சொல்றேன். பயமான எடத்தை மொதல்ல சத்தமே இல்லாமப் பாப்பேன். அப்புறம் திரும்பி உக்காந்து சத்தத்தை மட்டும் கேப்பேன். எது உலுக்குதுன்னு தெரிஞ்சிடும். சத்தம்னா ரிமோட் போதும். உருவம்னா, அதுவும் நல்லவங்க கெட்டவங்களா மாறுற எடம்னா, சின்னவங்களுக்கு வேணாம். கதை முடியறப்ப பயம் முடியுதான்னு பாப்பேன். சில கதைங்க எல்லாம் தீர்ந்த பிறகு, கடைசி நொடியில ஒரு கண்ணு மறுபடி மின்னுற மாதிரி காட்டி முடிக்கும். பெரியவங்களுக்கு அது கிக்கு. சின்னப் புள்ளைக்கு அன்னிக்கு ராத்திரி முழுக்க அந்தக் கண்ணுதான். அந்த மாதிரி முடிவு இருந்தா நான் தொடவே மாட்டேன். அடுத்தது தானா ஓடற வசதியையும் அணைச்சு வச்சிடுவேன். ஒண்ணு முடிஞ்சா பேசறதுக்கு நேரம் வேணும்.

பேசறதுன்னா "பயந்தியா?"ன்னு கேக்கறது இல்ல. கூட்டத்துல கேட்டா எந்தப் புள்ளையும் ஒத்துக்காது. கூட்டத்துல தைரியசாலி மாதிரி காட்டிக்கறது இந்த ஊர்ல புதுசும் இல்ல. 1896 செப்டம்பர் 1 அன்னிக்கு வேங்கடராமன்னு 16 வயசுப் பையன் இங்க வந்தான். அப்புறம் பெரிய கோயில்ல பாதாள லிங்கத்து இருட்டுல போய் உக்காந்தான். பின்னாடி ரமண மகரிஷின்னு உலகமே கும்பிட்ட அதே பையன்தான். ஊர்ப் பசங்க கூட்டமாச் சேந்து அவன் மேல கல்லு விட்டாங்க. சேஷாத்ரி சுவாமிகள்னு ஒரு மகான் வந்து தடுக்கப் பாத்தாரு. இப்பவும் பாதாள லிங்கத்துக்குப் படி எறங்கறப்ப நான் அந்தப் பசங்களை நெனச்சுப்பேன். தனியா அந்த இருட்டுக்குள்ள எறங்கிப் போற தைரியம் அதுல எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? கூட்டத்துல சத்தமா இருக்கற புள்ளை தைரியமா இருக்குன்னு அர்த்தம் இல்ல. அக்கா சிரிக்கறான்னு சிரிக்கற தம்பிகளை நெறையப் பாத்திருக்கேன். அதனால வாயைக் கேக்காதீங்க. தோள் ஏறியிருக்கா, கால் விரல் சுருண்டிருக்கா, பேச்சு நின்னு போச்சா, அதைப் பாருங்க. மறுநாளும் பாருங்க. பேய் வெளையாட்டு வெளையாடினா நல்ல செய்தி, பயத்தைக் கையில எடுத்து உருட்டிப் பாக்குதுன்னு அர்த்தம். பாத்ரூமுக்குத் தனியாப் போக மாட்டேன்னா, கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க.

எங்க வீட்டுல மறுநாள் காலையில அட்டையை வெட்டி கருப்பு மாஸ்க் பண்ணோம். பெரியவ சின்னவன் கண்ணு முன்னாடியே மெதுவா மாட்டினா. அவனே கையால கழட்டினான். "அக்கா!" மறுபடி மாட்டினா. மறுபடி கழட்டினான். "அக்கா!" விழுந்து விழுந்து சிரிச்சான். அப்புறம் அவனே மாட்டிக்கிட்டு ஆயாவைப் பயமுறுத்தப் போனான். ஆயா பயந்து போய்த் தூணைப் புடிச்சுக்கிட்டாங்க. அவனுக்கு ஒரே பெருமை.

அப்ப அவனுக்கு ஸ்கூபி டூ போடலாமான்னா, இன்னும் வேணாம்னுதான் சொல்வேன். அவனுக்கு 'ப்ளூஸ் க்ளூஸ்' போடறேன். 1996ல வந்த நிகழ்ச்சி. ஒரு நீல நாய் காலடித் தடம் வச்சு மூணு துப்பு விடும், நாம சேத்துக் கண்டுபுடிக்கணும். மர்மம் இருக்கு, பேய் கெடையாது. துப்பு தேடுற ருசி அதுலயே பழகிடும். எம் பொண்ணுக்குப் பழைய ஸ்கூபி டூ, பகல்ல, என்கூட.

பெரியவ அடுத்த பௌர்ணமிக்கு 'கோரலைன்' கேட்டிருக்கா. 2009ல வந்த படம். கண்ணு இருக்க வேண்டிய எடத்துல பட்டன் தைச்ச இன்னொரு அம்மா, ஆரம்பத்துல அன்பா இருந்துட்டுப் போகப் போக மாறுவா. நான் மேல சொன்ன அதே பயம், அதுவும் அம்மா மூஞ்சியில. 9 வயசுக்கு மாஸ்க் புரியும். ஆனா இங்க கழட்டறதுக்கு மாஸ்க் இல்ல. அதனால நான் இன்னொரு தடவை பாத்துட்டு, அக்காகிட்ட கதையைச் சொல்லி, அவ சரின்னா சின்னதுங்க தூங்கின பிறகு நாங்க ரெண்டு பேரும் மட்டும் பாக்குறதா இருக்கோம்.